ஜிபியு இருந்தும் திரை தடுக்குவது ஏன்: எம்பெடெட் லினக்ஸ் போர்டு இரண்டில் ஒரே திரை

வேலை இதுதான்: ஒரு இயந்திரத்தின் கட்டுப்பாட்டுத் திரை. முள் சுழலும் டயல் ஒன்று, எண் பெட்டிகள் நான்கு, கீழே ஓடும் வரைபடம் ஒன்று. பெரிய மாடலில் கூடுதலாக ஒரு கேமரா சாளரம். சிறிய மாடலில் இருப்பது ஐ.எம்எக்ஸ்6யூஎல்எல்: ஒற்றை கார்டெக்ஸ்-ஏ7 கோர், 16 பிட் அகல டிடிஆர்3 நினைவகம், 800×480 பேனல், ஜிபியு (வரைகலைச் சிப்) கிடையாது. பெரிய மாடலில் எஸ்டிஎம்32எம்பி157: இரண்டு ஏ7 கோர், விவான்டே ஜிபியு, 1280×800 பேனல். மென்பொருள் இரண்டுக்கும் ஒன்றே. க்யூடி க்விக் என்ற திரை வடிவமைப்பு நூலகத்தில் எழுதியது.

சிறியது திணறும், பெரியது பறக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். சரிசெய்து முடித்தபோது சிறியது சத்தமில்லாமல் ஓடியது. மெனக்கெட வேண்டியிருந்ததெல்லாம் ஜிபியு உள்ள போர்டில்தான். காரணம் ஜிபியுவின் வேகம் அல்ல, நினைவகப் போக்குவரத்து. இந்த வகைச் சிப்களில் சிபியு, ஜிபியு, திரைக் கட்டுப்படுத்தி மூன்றும் ஒரே டிடிஆரைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. யார் வரைகிறார் என்பதைவிட, ஒரு பிக்சலுக்காக டிடிஆரை எத்தனை முறை தொடுகிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

முதலில் பென்சில் கணக்கு

800×480 என்றால் 3,84,000 பிக்சல். பிக்சலுக்கு 4 பைட் வைத்தால் ஒரு ஃபிரேம் 15,36,000 பைட். திரையில் எதுவுமே மாறாவிட்டாலும், திரைக் கட்டுப்படுத்தி இதை வினாடிக்கு 60 முறை டிடிஆரிலிருந்து படித்தே ஆக வேண்டும்: 92 எம்பி. இது தவிர்க்க முடியாத வாடகை.

இதற்கு மேல், முழுத் திரைக்கும் ஒரு ஒளி ஊடுருவும் அடுக்கைப் பூசினால் மூலத்தைப் படிக்க 92, அடியில் உள்ளதைப் படிக்க 92, எழுத 92. அதைத் திரை பஃபருக்கு (திரைக்கான படம் இருக்கும் நினைவகப் பகுதி) நகலெடுத்தால் இன்னும் 92 படிப்பு, 92 எழுத்து. வாடகையோடு சேர்த்து வினாடிக்கு 550 எம்பிக்குமேல் போகிறது. 16 பிட் அகலம், 400 மெகாஹெர்ட்ஸ் டிடிஆர்3 காகிதத்தில் தருவது 1.6 ஜிபி. ஒற்றை ஏ7 கோரால் அதில் எவ்வளவை உறிஞ்ச முடிகிறது என்பதை ஊகிக்க வேண்டாம்; டைனிமெம்பெஞ்ச் என்ற நினைவக வேகச் சோதனைக் கருவியை ஓட்டினால் நகலெடுப்பு வேகம் தெரிந்துவிடும். திட்டத்தின் முதல் நாளே அதை ஓட்டி, எண்ணைச் சுவரில் ஒட்டி வைப்பது நல்லது.

இனி உண்மையில் மாறுவது எவ்வளவு என்று பார்ப்போம். டயல் 240×240, அதாவது 57,600 பிக்சல். வினாடிக்கு 30 முறை மாறினால் போதும். வரைபடம் 480×160, அதாவது 76,800; வினாடிக்கு 10 முறை. எண் பெட்டிகள் 160×40 அளவில் நான்கு, மொத்தம் 25,600. வினாடிக்கு 4 முறைக்குமேல் மாறும் எண்ணை மனிதக் கண் படிக்காது. கூட்டினால் வினாடிக்கு 25,98,400 பிக்சல். முழுத் திரையை 60 முறை வரைந்தால் 2,30,40,000. அதாவது தேவையான வேலை ஒன்பதில் ஒரு பங்குதான். சிறிய போர்டு பிழைத்தது இந்த விகிதத்தால்.

யார் வரைகிறார் என்று உறுதி செய்தல்

எந்தச் சரிசெய்தலுக்கும் முன் இதைச் செய்ய வேண்டும். ஜிபியு வேலை செய்கிறது என்று நம்பிக்கொண்டே மாதக்கணக்கில் சிபியுவில் ஓடும் பொருட்கள் நிறைய உண்டு. லினக்ஸின் வரைகலை நூலகமான மேசாவின் குணம் அப்படி: ஜிபியு கிடைக்காவிட்டால் சத்தமே போடாமல் மென்பொருள் வரைவுக்கு இறங்கிவிடும். திரையில் படம் வரும், அழகாகவே வரும், மெதுவாக வரும்.

பார்க்க வேண்டியவை இந்த வரிசையில்:

1. /டெவ்/டிஆர்ஐ கோப்புறையைப் பட்டியலிடவும். கார்டு0 மட்டும் இருந்து ரெண்டர்டி128 இல்லையென்றால், திரைக்கு டிரைவர் உண்டு, ஜிபியுவுக்கு இல்லை. சிறிய யூஎல்எல் போர்டில் இதுவே சரியான நிலை. பெரிய எம்பி157-இல் கார்டு0, கார்டு1, ரெண்டர்டி128 மூன்றும் இருக்க வேண்டும்.

2. பயன்பாடு எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அந்தப் பயனர் வீடியோ, ரெண்டர் குழுக்களில் இருக்கிறாரா என்று பார்க்கவும். ரூட்டாக ஓட்டினால் வேகம், சர்வீஸாக ஓட்டினால் மந்தம் என்றால் பத்தில் ஒன்பது முறை ரெண்டர்டி128-க்கு அனுமதி இல்லாததுதான் காரணம்.

3. ஓப்பன்ஜிஎல் (வரைகலை இடைமுகம்) ரெண்டரர், அதாவது வரைபவர், பெயரை அச்சிடவும். க்யூடியில் க்யூஎஸ்ஜி_இன்ஃபோ சூழல் மாறிக்கு 1 கொடுத்தால் தொடக்கத்திலேயே சொல்லிவிடும். எல்எல்விஎம்பைப், சாஃப்ட்பைப் என்று வந்தால் சிபியு வரைகிறது. எம்பி157-இல் விவான்டே ஜிசி400 என்று வர வேண்டும்.

4. பதிவே எடுக்க முடியாத நிலையில், ஓடிக்கொண்டிருக்கும் கருவியில் டாப் கட்டளையைத் த்ரெட் வாரியாகக் காட்டும் விருப்பத்துடன் ஓட்டவும். எல்எல்விஎம்பைப்-0, எல்எல்விஎம்பைப்-1 என்ற பெயரில் த்ரெட்கள் தெரிந்தால் விசாரணை அங்கேயே முடிந்தது.

எம்பி157 போன்ற சிப்களில் திரைக் கட்டுப்படுத்தியும் ஜிபியுவும் தனித்தனி வன்பொருள், தனித்தனி டிரைவர். திரைக்கு எஸ்டிஎம் டிரைவர், ஜிபியுவுக்கு எட்னாவிவ். இந்த இரண்டையும் மேசாவுக்குள் கோத்துத் தருவது கேஎம்எஸ்ஆர்ஓ என்ற சிறு இணைப்புப் பகுதி. பழைய மேசா பதிப்புகளில் எட்னாவிவ் மட்டும் தேர்ந்தெடுத்துக் கட்டினால் போதாது, கேஎம்எஸ்ஆர்ஓ-வையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். விட்டுப்போனால் கெர்னல் பதிவில் ஜிபியு நலமாக எழுந்தது போலத் தெரியும், ரெண்டரர் பெயரோ எல்எல்விஎம்பைப் என்று வரும். அப்போது பார்க்க வேண்டிய இடம் டிஆர்ஐ நூலகக் கோப்புறை: அந்தப் பதிப்புகளில் எஸ்டிஎம்_டிஆர்ஐ என்ற பெயரில் ஒரு கோப்பு அங்கே இருந்தாக வேண்டும். ஈஜிஎல்_லாக்_லெவல் மாறிக்கு டீபக் என்று கொடுத்தால் எந்தக் கோப்பைத் தேடித் தோற்றது என்பதையும் சொல்லும்.

இன்னொரு கோளாறு இதே பிரிவினையால் வருவது. கார்டு0 யாருடையது என்பது டிரைவர்கள் எழும் வரிசையைப் பொறுத்தது. இன்று அது திரை, கெர்னலைப் புதுப்பித்த பிறகு அது எட்னாவிவ். பயன்பாடு கண்ணை மூடிக்கொண்டு கார்டு0-வைத் திறந்தால், கனெக்டரே இல்லாத சாதனத்தில் திரையைத் தேடி நிற்கும். /டெவ்/டிஆர்ஐ/பை-பாத் கீழே யூடெவ் (சாதனக் கோப்புகளை நிர்வகிக்கும் சேவை) உருவாக்கும் இணைப்புகளில் திரைக் கட்டுப்படுத்தியின் முகவரி, எம்பி157-க்கு 5ஏ001000, பெயரிலேயே இருக்கும். க்யூடியின் ஈஜிஎல்எஃப்எஸ் கேஎம்எஸ் கட்டமைப்புக் கோப்பில் டிவைஸ் என்ற இடத்தில் அந்தப் பாதையைக் கொடுத்தால் வரிசை மாறினாலும் கவலையில்லை. யூடெவுக்குப் பதில் எம்டெவ் பயன்படுத்தும் சிறிய ரூட்எஃப்எஸ்களில் (கருவியின் கோப்பு அமைப்புகளில்) இந்த இணைப்புகள் தானாக வராது. தொடக்க ஸ்கிரிப்டில் சிஸ்எஃப்எஸ் வழியாகத் தேடிக் கொள்ள வேண்டும்.

ஜிபியு இல்லாத போர்டு

இங்கே மூன்று வழிகள் உண்டு. எல்எல்விஎம்பைப் மூலம் ஓப்பன்ஜிஎல்லைப் பாவனை செய்வது முதல் வழி. கைவிட வேண்டிய வழியும் அதுவே. எல்எல்விஎம் நூலகம் மட்டுமே பல பத்து எம்பி எடுக்கும், ஷேடரை (பிக்சல் நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்) கருவியிலேயே கம்பைல் செய்வதால் தொடக்கம் இழுக்கும். இவற்றைவிட முக்கியமான குறை, முள் ஒரு டிகிரி நகர்ந்தாலும் முழு ஃபிரேமும் புதிதாக வரையப்படும். மேலே போட்ட ஒன்பதில் ஒரு பங்கு கணக்கு அப்படியே வீணாகிறது.

இரண்டாவது, க்யூடி க்விக்கின் மென்பொருள் பின்னணி. க்யூடி_க்விக்_பேக்எண்ட் மாறிக்கு சாஃப்ட்வேர் என்றும், பிளாட்ஃபார்ம் மாறிக்கு லினக்ஸ்எஃப்பி என்றும் கொடுத்தால் ஓப்பன்ஜிஎல் வாடையே இல்லாமல் ஓடும். மாறிய பகுதியை மட்டும் வரையும். விலை: ஷேடர்எஃபெக்ட், துகள் அனிமேஷன், நிழல், மங்கல் விளைவுகள் எதுவும் வராது. வடிவமைப்பாளரிடம் முதலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். நிழல்களைப் படத்திலேயே வரைந்து தரச் சொன்னால் பிரச்சினை தீரும். க்யூடி_க்யூபிஏ_எஃப்பி_டிஆர்எம் மாறிக்கு 1 கொடுத்தால் லினக்ஸ்எஃப்பி பழைய எஃப்பி0 சாதனத்தை விட்டு டிஆர்எம் (கெர்னலின் திரைப் பகுதி) தரும் எளிய பஃபர்களான டம்ப் பஃபர்களைப் பயன்படுத்தும். கட்டாயம் கொடுங்கள்.

மூன்றாவது, எல்விஜிஎல் என்ற சிறிய திரை நூலகம். திரை எளிமையானது, புதிதாகத் தொடங்குகிறோம் என்றால் இதுவே என் தேர்வு. இங்கே இரண்டு மாடலுக்கும் ஒரே நிரல் வேண்டும் என்பதால் க்யூடியிலேயே தொடர்ந்தோம்.

சிறிய போர்டில் வேகத்தைத் தின்றது வேறொரு இடம். வரைபடப் பகுதிக்கு மட்டும் சொந்தமாக சி++ நிரல் எழுதி, டம்ப் பஃபரை எம்மேப் செய்து (நிரலின் நினைவகமாக இணைத்து) நேரடியாக அதற்குள்ளேயே வரையும் ஏற்பாடு இருந்தது. நகலெடுப்பு மிச்சம் என்ற நியாயமான எண்ணம். எந்தச் சார்பு சிபியு நேரத்தைத் தின்கிறது என்று காட்டும் பெர்ஃப் டாப் ஓட்டினால் முழுச் சுமையும் ஓரம் மழுக்கிய கோடு வரையும் சிறு சார்பில் நின்றது. அசெம்பிளியைத் திறந்தால் சூடெல்லாம் ஒரே ஒரு லோடு கட்டளையில்.

ஏன் என்றால், இந்தப் பஃபர்கள் ரைட்-கம்பைன் முறையில் மேப் ஆகின்றன. எழுதுவதைச் சேர்த்து வைத்து ஒரே வீச்சில் தள்ளும், அது வேகம். படிப்பதற்கோ கேச் கிடையாது. ஒவ்வொரு படிப்பும் டிடிஆர் வரை போய்த் திரும்ப வேண்டும். ஓரம் மழுக்குதல், எழுத்துரு, ஒளி ஊடுருவல் எல்லாமே அடியில் உள்ள நிறத்தைப் படித்துக் கலப்பவை. ஆகவே பிக்சலுக்கு ஒருமுறை கோர் கைகட்டி நிற்கிறது. சோதிப்பது எளிது: அதே சார்பை மேலாக் செய்த சாதாரண நினைவகத்தில் ஓட்டி நேரம் பாருங்கள். வித்தியாசம் சதவீதத்தில் இருக்காது, மடங்கில் இருக்கும்.

தீர்வு: சாதாரணக் கேச் நினைவகத்தில் ஒரு நிழல் பஃபர். வரைவதெல்லாம் அதில். முடிந்ததும் மாறிய செவ்வகங்களை மட்டும் வரி வரியாக மெம்காபி. கூடுதலாக ஒரு நகல் எடுத்து வேகம் கூடுவது முதல் பார்வைக்கு முரணாகத் தோன்றும்; ஆனால் டம்ப் பஃபரிலிருந்து ஒரு பைட்கூடப் படிக்காமல் இருப்பதுதான் இங்கே விதி.

மாறிய பகுதிகளைக் கணக்கு வைப்பதிலும் ஒரு வலை உண்டு. எல்லா மாற்றங்களையும் உள்ளடக்கும் ஒற்றைச் செவ்வகம் வைத்துக்கொள்வது நிரல் எழுதச் சுலபம். மேல் இடது மூலையில் முள் அசைந்து, கீழ் வலது மூலையில் கடிகாரம் மாறினால் அந்தச் செவ்வகம் முழுத் திரையாகிவிடும். வினாடிக்கு ஒருமுறை மட்டும் திரை இழுப்பதாகப் புகார் வந்தால் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள். எட்டு செவ்வகங்கள் கொண்ட பட்டியல் போதும். ஒன்றோடொன்று மோதினால் மட்டும் இணைக்க வேண்டும். முள்ளுக்குப் பழைய இடம், புதிய இடம் என இரண்டு செவ்வகம்.

ஓடும் வரைபடத்தை ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் நகர்த்தினால் 76,800 பிக்சலும் மாறும். மருத்துவமனை இசிஜி திரை போல, வரைபடம் நிலையாக நிற்க, எழுதும் புள்ளி மட்டும் இடமிருந்து வலம் ஓடி மறுபடி தொடங்கும்படி மாற்றினால் ஒரு புதுப்பிப்புக்குச் சில நெடுவரிசைகள் மட்டுமே மாறும். பயன்படுத்துபவர்கள் ஏற்றுக்கொண்டால் இதைவிடப் பெரிய லாபம் வேறில்லை.

சின்னச் சின்னதாக இன்னும் சில. படங்களைத் திரையில் வரும் அளவிலேயே சேமிக்கவும். மென்பொருள் வரைவில் ஒவ்வொரு முறையும் அளவு மாற்றுவது சிபியுவுக்குத் தண்டனை. க்யூடியின் வரைவி விரும்புவது ஆல்ஃபாவை (ஒளி ஊடுருவும் அளவை) முன்பெருக்கிய ஏஆர்ஜிபி32 வடிவம். வேறு வடிவில் கொடுத்தால் வழியில் மாற்றம் நடக்கும். திரையை 16 பிட் நிறத்துக்கு இறக்கினால் வாடகை 92-லிருந்து 46 எம்பியாகக் குறையும். ஆனால் சாய்வு நிறங்களில் பட்டை பட்டையாகக் கோடு தெரியும்; தட்டையான நிறங்களில் வடிவமைத்த திரைக்கு மட்டும் இது சரி.

பேனல் செங்குத்து வகை, பெட்டியில் படுக்கையாகப் பொருத்தியிருக்கிறது என்றால் 90 டிகிரி சுழற்ற வேண்டும். இதை வரிசையாகப் படித்து நெடுவரிசையாக எழுதும் இரட்டை லூப்பில் செய்தால் திரை ஊர்ந்து போகும். 480×800 பேனலில் ஒரு வரி 1,920 பைட். மூலத்தின் ஒரு வரிசையை எழுத 800 வெவ்வேறு கேச் வரிகளைத் தொடுகிறோம். வரிக்கு 64 பைட் வைத்தால் 51,200 பைட். ஏ7-இன் முதல்நிலை டேட்டா கேச் பெரும்பாலும் 32 கேபி. அடுத்த வரிசைக்கு வருவதற்குள் முந்தையவை வெளியே போய்விடுகின்றன. 16×16 கட்டங்களாகப் பிரித்துச் சுழற்றுங்கள்: 16 பிக்சல் சரியாக 64 பைட், ஒரு கேச் வரி. ரைட்-கம்பைன் பஃபருக்கும் முழு வரி வரியாக எழுதுவது பிடிக்கும். யூஎல்எல்லில் பிஎக்ஸ்பி என்ற 2டி வன்பொருளுக்குச் சுழற்றவும் நிறவடிவம் மாற்றவும் தெரியும். உங்கள் கெர்னலின் டிரைவர் சுழற்றலை வெளியே காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு அதை நம்புங்கள்.

எஸ்பிஐ பேனல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 320×240, 16 பிட் என்றால் ஃபிரேமுக்கு 12,28,800 பிட். எஸ்பிஐ கடிகாரம் 32 மெகாஹெர்ட்ஸ் என்றால் அனுப்பவே 38.4 மில்லிவினாடி, அதாவது வினாடிக்கு 26 ஃபிரேம்தான் உச்சம். எந்த ஜிபியுவாலும் இதை மாற்ற முடியாது. மாறிய பகுதியை மட்டும் அனுப்புவதே அங்கே ஒரே வழி.

ஜிபியு உள்ள போர்டு

எம்பி157-இன் தரவுத்தாள் ஜிபியுவின் நிரப்பு வேகத்தை வினாடிக்கு 133 மெகாபிக்சல் என்கிறது. பெரிய எண்ணாகத் தெரிகிறது. 1280×800 என்றால் 10,24,000 பிக்சல். 60 ஃபிரேமுக்கு 6,14,40,000. வகுத்தால் 2.16. அதாவது ஒவ்வொரு பிக்சலையும் ஃபிரேமுக்கு இரண்டு முறை தொடலாம், மூன்றாவது முறை தொட்டால் 60 கிடையாது. அதுவும் காகிதக் கணக்கில். இதே ஜிபியு 800×480 திரையில் ஐந்தரை அடுக்குக்குமேல் தாங்கும். பேனலைப் பெரிதாக்கிய அன்றே ஜிபியு சின்னதாகிவிட்டது.

நம் திரையில் என்ன இருந்தது? முழுத் திரைப் பின்னணிப் படம், அதன்மேல் ஒளி ஊடுருவும் கண்ணாடிப் பலகைகள், அதன்மேல் டயல், எழுத்துகள். எங்கெங்கே மூன்று, நான்கு அடுக்கு விழுகிறது என்பதை க்யூஎஸ்ஜி_விஷுவலைஸ் மாறிக்கு ஓவர்டிரா என்று கொடுத்தால் முப்பரிமாணமாகக் காட்டும்.

குறைக்கும் வழிகளில் பலன் தந்த வரிசை: பின்னணிப் படமும் கண்ணாடிப் பலகைகளும் அசையாதவை என்பதால் இரண்டையும் ஒரே படமாக முன்கூட்டியே சேர்த்துவிட்டது முதலாவது. அந்தப் படத்தை ஆல்ஃபா இல்லாத வடிவில் சேமித்தது இரண்டாவது. ஆல்ஃபா தடம் உள்ள பிஎன்ஜி, பிக்சலெல்லாம் முழு அடர்த்தியாக இருந்தாலும், கலந்து வரையும் வரிசைக்குத் தள்ளப்படக்கூடும். அப்போது அதன்மேல் என்ன மூடியிருந்தாலும் அது வரையப்பட்டே தீரும். அடர்த்தியானவற்றை க்யூடி க்விக் முன்னிருந்து பின்னாக வரைவதால் மறைந்த பிக்சல்களை ஜிபியு தவிர்க்க முடியும். தேவையில்லாத லேயர்.எனேபிள்ட்களை நீக்கியது மூன்றாவது; ஒவ்வொன்றும் தனி பஃபரில் வரைந்து மறுபடி ஒட்டும் வேலை. வட்ட முனைப் பெட்டிகள் ஓரம் மழுக்கப்படுவதால் கலப்பு வரிசையிலேயே போகும் என்பதும் தெரிந்திருக்கட்டும். பெரிய பெட்டிக்கு வட்ட முனை வேண்டுமா என்று இன்னொருமுறை யோசிக்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் டயலுக்கு 30 ஃபிரேம் போதும் என்ற முடிவுக்கே வந்தோம். அப்போது அடுக்கு வரம்பு 4.3 ஆக உயர்கிறது, மூச்சு விட இடம் கிடைக்கிறது. 60 ஆகவும் 40 ஆகவும் மாறி மாறி ஆடும் திரையைவிட, சீராக 30 ஓடும் திரை கண்ணுக்கு இதமானது.

அடுத்த கோளாறு கேமராவைச் சேர்த்ததும் வந்தது. பயன்பாடு சில நேரம் எழும், சில நேரம் எழாது. கெர்னல் பதிவில் சிஎம்ஏ ஒதுக்கீடு தோற்றது, கேட்டது 1000 பக்கம், பிழை -12. அந்த 1000 தற்செயலான எண் அல்ல. 1280×800×4 = 40,96,000; ஒரு பக்கம் 4,096 பைட்; வகுத்தால் சரியாக 1000. அதாவது ஒரு முழுத் திரை பஃபருக்கு இடமில்லை.

திரைக் கட்டுப்படுத்தி படிக்கும் பஃபர்கள் தொடர்ச்சியான நினைவகத்தில் இருக்க வேண்டும். அதற்கான ஒதுக்கீடுதான் சிஎம்ஏ. கெர்னல் கட்டமைப்பில் அதன் இயல்பு அளவு 16 எம்பி, அதாவது 4,096 பக்கம். எழுத்துக் கன்சோலுக்கு ஒரு பஃபர், பயன்பாட்டுக்கு மூன்று: 4,000 பக்கம் காலி. மீதி 96 பக்கம், அதுவும் துண்டு துண்டாக. கேமராவின் 640×480 ஆர்ஜிபி565 பஃபர் ஒவ்வொன்றும் 150 பக்கம், நான்கு வேண்டும். கேமரா முந்திக்கொண்டால் திரைக்கு இடமில்லை, திரை முந்திக்கொண்டால் கேமராவுக்கு இல்லை. எழும் எழாது என்ற ஊசலாட்டம் அதனால்தான். கெர்னல் அளவுருவில் சிஎம்ஏ=64எம் என்று கொடுத்ததும் தீர்ந்தது; டிவைஸ் ட்ரீயிலேயே சிஎம்ஏ பகுதி ஒதுக்கியிருந்தால் மாற்ற வேண்டியது அங்கே. /ப்ராக்/மெம்இன்ஃபோவில் சிஎம்ஏடோட்டல், சிஎம்ஏஃப்ரீ என்ற இரண்டு வரிகளைப் பார்த்தால் நிலவரம் தெரியும்.

கேமராப் படத்தை டெக்ஸ்சராக (ஜிபியு ஒட்டும் படமாக) ஏற்றி ஜிபியுவால் வரைவது தேவையற்ற சுற்று. எம்பி157-இன் எல்டிடிசி திரைக் கட்டுப்படுத்தியில் இரண்டு அடுக்குகள் (பிளேன்கள்) உண்டு. மோட்டெஸ்ட் கருவியைப் பிளேன் பட்டியலுடன் ஓட்டினால் எந்தப் பிளேன் எந்த நிறவடிவத்தை ஏற்கும் என்று காட்டும். கேமரா பஃபரை டிஎம்ஏபஃப்பாக (டிரைவர்கள் நகலெடுக்காமல் பகிரும் பஃபராக) ஏற்றுமதி செய்து இரண்டாம் பிளேனில் நேரடியாக வைத்துவிட்டால் சிபியுவும் ஜிபியுவும் அந்தப் பிக்சல்களைத் தொடவே தொடாது. எம்பி157-இன் எல்டிடிசி ஒய்யூவி வடிவத்தை ஏற்காது என்பதால் கேமராவையே ஆர்ஜிபி565 தரும்படி அமைக்க வேண்டும். ஒரு தொந்தரவு: மேல் பிளேனில் கேமரா இருக்கும்போது எச்சரிக்கைப் பெட்டி வந்தால் அது கேமராவுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். பெட்டி திறக்கும்போது பிளேனை அணைத்து, மூடும்போது ஏற்றும்படி செய்தோம். அழகான தீர்வு இல்லை; வேலை செய்கிறது.

கடைசியாகப் பிடிபட்டது, திரை மொத்தமும் கணநேரம் பக்கவாட்டில் துள்ளித் திரும்புவது. பேனல் கேபிள், நேர அளவுகள் என்று தேடத் தோன்றும். ஆனால் அது பெரிய கோப்பு நகலெடுக்கும்போதும், முழுத் திரை மாற்றத்தின்போதும் மட்டும் வந்தால், கட்டுப்படுத்தியின் ஃபிஃபோ (பிக்சல்கள் காத்திருக்கும் வரிசை) காய்ந்துபோகிறது என்று பொருள். 1280×800 திரைக்கு வாடகையே வினாடிக்கு 246 எம்பி. விவான்டே குடும்ப ஜிபியுக்கள் பொதுவாகக் கட்டம் கட்டமான அமைப்பில் வரைந்து, பிறகு திரைக்காக நேர்வரிசையாக மாற்றித் தருகின்றன. அந்த மாற்றத்துக்கு இன்னொரு படிப்பு, இன்னொரு எழுத்து. உறுதி செய்ய ஜிபியுவை நிறுத்திவிட்டு, சிபியுவில் ஒரு மெம்காபி லூப்பை மட்டும் ஓட்டுங்கள். அப்போதும் துள்ளினால் கேபிளைக் குறை சொல்ல வேண்டாம். பேனல் அனுமதிக்கும் குறைந்த பிக்சல் கடிகாரத்துக்கு இறக்கியதும், முழுத் திரை மாற்ற அனிமேஷனை நீக்கியதும் போதுமானதாக இருந்தது.

வேறு சிப்புக்கு மாற்றும்போது

மாலி-400 ஜிபியு உள்ள ஆல்வின்னர் போர்டுகளில் லைமா டிரைவர் நன்றாகவே ஓடுகிறது, கெர்னல் 5.2, மேசா 19.1 முதல் அது உடன் வருகிறது. ஆனால் அதன் ஃபிராக்மெண்ட் ஷேடர் 16 பிட் மிதவைப் புள்ளியில் கணக்கிடுகிறது. காலத்தை வினாடிகளாக ஷேடருக்குள் அனுப்பி அலை அசைப்பவர்கள் கவனிக்க: 256-ஐத் தாண்டியதும் நேரம் கால் வினாடிப் படிகளில் நகரும், 512-ஐத் தாண்டினால் அரை வினாடி, 1024-க்குமேல் முழு வினாடி. கருவி எழுந்து நான்கு நிமிடத்தில் அனிமேஷன் வெட்டத் தொடங்கி, 17 நிமிடத்தில் கடிகார முள்போலத் தாவும். மேசைச் சோதனையில் இது சிக்காது. காலத்தைச் சிபியுவிலேயே 0 முதல் 1 வரை சுழலும்படி மடக்கி அனுப்ப வேண்டும்.

டெக்ஸ்சர் கறுப்பாக வந்தால் அதன் அளவைப் பாருங்கள். ஓப்பன்ஜிஎல் இஎஸ் 2.0-இன் அடிப்படை விதிப்படி, இரண்டின் அடுக்காக இல்லாத அளவுக்கு மிப்மேப்பும் (சிறிதாக்கிய பிரதிகள்) ரிப்பீட்டும் (அடுத்தடுத்து ஒட்டுதல்) கிடையாது. மேசைக் கணினியில் ஓடியது என்பது சான்று அல்ல.

படம் சாய்ந்து, நாடா நாடாவாகத் தெரிந்தால் வரி நீளத்தை அகலம்×4 என்று நிரலில் எழுதியிருப்பீர்கள். 854 அகல பேனலுக்கு அது 3,416 பைட். 64 பைட் ஒழுங்கு கேட்கும் டிரைவர் 3,456 கொடுக்கும். டம்ப் பஃபர் உருவாக்கும்போது டிரைவர் திருப்பித் தரும் பிட்ச் (வரி நீளம்) மதிப்பை மட்டுமே பயன்படுத்துங்கள். திரையின் மூலையில் எழுத்துக் கர்சர் மினுக்கினால் கெர்னல் அளவுருவில் விடி.குளோபல்_கர்சர்_டிஃபால்ட்=0 என்று கொடுங்கள்.

தொழிற்சாலைக்குப் போகும் முன்

பெரிய மாடலின் தொடக்க ஸ்கிரிப்டில் ரெண்டரர் பெயரைப் படித்து, எல்எல்விஎம்பைப் அல்லது சாஃப்ட்பைப் என்று வந்தால் பதிவில் பிழை எழுதி, சோதனை முறையில் இருந்தால் நிறுத்தியே விடும் வரி ஒன்று சேர்த்திருக்கிறது. சிறிய மாடலில் தலைகீழ்: ரெண்டர்டி128 இருந்தால்தான் சந்தேகம், தவறான இமேஜ் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டிலும் சராசரி ஃபிரேம் வேகத்தைப் பதியவில்லை. அது எதையும் சொல்லாது. 30 ஃபிரேம் இலக்குக்கு ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 33 மில்லிவினாடி என்பதால், 40-ஐத் தாண்டிய ஃபிரேம்கள் எத்தனை, அந்த நேரத்தில் சிஎம்ஏஃப்ரீ எவ்வளவு என்ற இரண்டு எண்கள் மட்டும் மணிக்கு ஒருமுறை பதிவாகின்றன.